பாட்டுக்கு அனுமதி உண்டு, பேச்சுக்கு இல்லை

1954 அக்டோபர் 3ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் அகில இந்திய வானொலியில் பேசினார். தன்னுடைய வாழ்க்கைத் தத்துவம் என்ன என்பதுதான் பேச்சின் பொருள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மூன்று சொற்களில் அதைச் சொன்னார். இவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கியதாக யாரும் எண்ண வேண்டாம், என் ஆசான் புத்தரிடமிருந்து எடுத்தவை என்றும் சேர்த்துச் சொன்னார். சில நிமிட உரைதான். 1955இல் பிபிசிக்கு ஒரு பேட்டி கொடுத்தார். காந்தியைப் பற்றித் தன் மனதில் இருந்ததை ஒளிவுமறைவில்லாமல் பேசிய பேட்டி அது. இன்றைக்கும் நம் பிள்ளைகள் செல்போனில் தேடிக் கேட்பது அந்தக் குரலைத்தான். 1956 மே 20ஆம் தேதி வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில், இந்தியாவில் ஜனநாயகம் நிலைக்குமா என்று பேசினார். சாதியால் கட்டிய சமூகத்தின் மேல் ஜனநாயகத்தை வைத்தால் அது எப்படி நிற்கும் என்பது அவருடைய கவலை. அடுத்த ஏழு மாதத்துக்குள் மறைந்துவிட்டார்.

சேலம் மாவட்டம் ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டையிலும் சுற்றியுள்ள எஸ்டேட் லைன் வீடுகளிலும் வேலை செய்கிற நாங்கள் வானொலியைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு காரியம் செய்துவருகிறோம். இரவுப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களும் கூடும் நேரத்தில், ஒரு சின்ன ஸ்பீக்கரில் அமெரிக்கச் சமுதாய வானொலி நிகழ்ச்சிகளின் பதிவைப் போடுகிறோம். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அவர்கள் என்ன பேசினார்கள் என்பதைத் தமிழில் சொல்லுவோம். பிறகு நம்முடைய பேச்சு தொடங்கும்.

நாங்கள் அதிகம் போடுவது கேபிஎஃப்ஏ வானொலியின் 'ஆப்பிரிக்கா டுடே'. கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரத்தில் 1949 ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்கிய நிலையம் கேபிஎஃப்ஏ. போருக்குப் போக மறுத்த லூயிஸ் ஹில் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. விளம்பரம் வாங்காமல் கேட்பவர்கள் கொடுக்கும் பணத்தில் வானொலி நடத்த முடியும் என்று அமெரிக்காவுக்குக் காட்டியவர்கள் அவர்கள். 'ஆப்பிரிக்கா டுடே' ஆப்பிரிக்காவையும், அங்கிருந்து கப்பலில் கொண்டுபோகப்பட்டு உலகெங்கும் வாழ்கிறவர்களையும் பற்றிய வாராந்திர நிகழ்ச்சி. வால்டர் டர்னர் என்ற பேராசிரியர் நீண்ட காலம் நடத்தினார். பாட்டு உண்டு என்றாலும் பேச்சுதான் முக்கியம். ஒரு நாட்டில் தேர்தல் ஏன் கலவரமானது, ஒரு சுரங்கத்தின் லாபம் எங்கே போகிறது, அமெரிக்கச் சிறைகளில் ஏன் இவ்வளவு கறுப்பின இளைஞர்கள் என்றெல்லாம் விஷயம் தெரிந்தவரை அழைத்து நிதானமாகக் கேட்பார்கள்.

மஞ்சக்குட்டையில் இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்று எங்கள் நண்பர்களே சிரித்தார்கள். ஆனால் முதல் வாரமே ஒரு கேள்வி வந்தது. காப்பியின் தாயகம் எத்தியோப்பியா என்று பேச்சுவாக்கில் சொன்னோம். பழம் பறிக்கிற ஓர் அக்கா, "அப்போ அந்த ஊருல காப்பி பறிக்கிறவங்களும் லைன் வீட்டுலதான் இருக்காங்களா?" என்றார். அன்றைக்கு ஸ்பீக்கரை மறுபடி போடவே இல்லை. எடைபோடும் இடத்தில் நடப்பது, மேஸ்திரி பேசும் பேச்சு, லைனுக்குத் தண்ணீர் வருகிற நாள் என்று பேச்சு ராத்திரி ஒன்பது வரை போனது.

அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றி ஃபிரான்ஸ் ஃபானோன் 1959இல் எழுதிய நூலில் வானொலிக்கென்றே ஒரு கட்டுரை இருக்கிறது. விடுதலை இயக்கத்தின் ஒலிபரப்பைப் பிரெஞ்சு ராணுவம் இரைச்சலால் அடைத்துவிடும். ஒருவர் பெட்டியில் காதை ஒட்டவைத்து, அகப்பட்ட இரண்டொரு சொல்லை அறையில் இருப்பவர்களுக்குச் சொல்வார். மிச்சத்தைக் கூடியிருக்கிறவர்கள் பேசிப் பேசி நிரப்புவார்கள். கேட்பதும் பேசுவதும் அங்கே ஒரே வேலை. எங்கள் இடத்தில் ராணுவ இரைச்சல் இல்லை, ஆங்கிலம்தான் இரைச்சல். மற்றபடி நடப்பது அதுதான்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கைக்கு ஒலிபெருக்கி வந்த கதை நமக்குத் தெரிய வேண்டிய கதை. 1949இல் அட்லாண்டா நகரத்தில் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கறுப்பினக் கணக்காளர் டபிள்யூஇஆர்டி என்ற நிலையத்தை விலைக்கு வாங்கினார். அந்த நாட்டில் ஒரு கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையம் அது. அது இருந்த ஆபர்ன் அவென்யூ கட்டடத்திலேயே பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய இயக்கத்தின் அலுவலகமும் இருந்தது. கிங்குக்கு மக்களிடம் அவசரமாகச் சொல்ல வேண்டியது இருந்தால், துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம். மேலே இருக்கிற அறிவிப்பாளர் ஜன்னல் வழியாக மைக்கைக் கீழே இறக்குவாராம். அட்லாண்டாவில் இன்றும் சொல்லப்படும் கதை இது. எங்களுக்கு இதில் பிடித்தது துடைப்பக் கட்டைதான். நம் கையில் காலங்காலமாகத் திணிக்கப்பட்ட பொருள், அங்கே வானொலியைத் திறக்கிற சாவியாக இருந்திருக்கிறது.

இந்த உறவு புதியதில்லை. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையும் இந்தியத் தீண்டப்படாதோரின் நிலையும் அவ்வளவு ஒத்திருப்பதால் ஒன்றைப் படிக்கிறவர் மற்றதையும் படித்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதி கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார். ஜூலை 31 தேதியிட்டு டூபாய்ஸ் பதில் எழுதினார். தீண்டப்படாதோர் மீது தனக்குள்ள பரிவையும், முடிந்த உதவியைச் செய்யும் விருப்பத்தையும் சொன்னார். இரண்டே கடிதங்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்க அன்றைக்கு மேடை இல்லை. பம்பாயில் 1972இல் இளைஞர்கள் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்து எழுந்தபோதுதான் அது மறுபடி தொடர்ந்தது.

தமிழ்த் தலித் மக்களுக்கு ஆப்பிரிக்கா இன்னும் நெருக்கம். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'டிரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். அன்றிலிருந்து 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு போலச் சேலமும் அந்தக் கப்பல் பதிவேடுகளில் வருகிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதிய வெள்ளைக்காரர்கள் சாதியையும் விடாமல் எழுதினார்கள். இதே சேலத்திலிருந்துதான் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் ஆட்களைக் கங்காணிகள் நடத்திக் கூட்டிப்போனார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பி நட்டார் என்று சுற்றுலா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறோம். காடு வெட்டிக் குழி தோண்டியவர்கள் யார் என்று யாரும் சொல்வதில்லை.

தாத்தா இரட்டைமலை சீனிவாசனைத் தெரியாதவர் இதைப் படிப்பவர்களில் இருக்க மாட்டார்கள். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். 1900இல் லண்டன் போவதற்காகக் கிளம்பியவர் ஆப்பிரிக்காவில் தங்கிவிட்டார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1921இல்தான் ஊர் திரும்பினார். காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது இவர்தான் என்ற செய்தியை மட்டும் எல்லோரும் சுவாரசியமாகச் சொல்வார்கள். எங்களுக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒப்பந்தக் கூலியாகப் போன ஒருவர் தோட்ட முதலாளி அடித்ததாகக் கோர்ட்டில் வந்து நிற்கிறார். அவர் தமிழில் அழுது சொல்வதை வெள்ளைக்கார நீதிபதிக்குப் புரியவைக்க வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர். அந்த வேலையில் பல வருடம் இருந்தவர் 1930இல் அண்ணலோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தபோது, பிறர் துன்பத்தை ஆள்பவர் காதுக்குக் கொண்டுபோகும் தொழில் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

அந்த நேட்டால் மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு வானொலி கிடைத்த விதத்தைப் பாருங்கள். நிறவெறி அரசு ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிக் குடியிருப்பு வைத்தது போலவே தனித்தனி வானொலியும் வைத்தது. கறுப்பின மக்களுக்கு 1960இல் 'ரேடியோ பாண்டு'. இந்தியர்களுக்கு 1983இல் 'ரேடியோ லோட்டஸ்'. இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்து, கறுப்பினப் பெரும்பான்மையை வெளியே நிறுத்திய புதிய அரசியல் சட்டமும் அதே 1983இல்தான் வந்தது. தமிழ்ப் பாட்டு கேட்கலாம், பக்கத்தில் அடக்கப்படுகிறவர்களைப் பற்றிப் பேசக் கூடாது. இன்றைய லோட்டஸ் எஃப்எம் அப்படி இல்லை, விவாதமும் உண்டு. ஆனால் பிறந்த நோக்கத்தை நாம் மறக்க வேண்டியதில்லை.

பேச்சு வேண்டியவர்கள் சட்டத்துக்கு வெளியே போனார்கள். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் 'ரேடியோ ஃபிரீடம்' 1963 ஜூனில் ஒளிவிடத்திலிருந்து வால்டர் சிசுலுவின் குரலோடு தொடங்கியது. பிறகு பக்கத்து நாடுகளிலிருந்து ஒலித்தது. கேப்டவுனில் 1980களில் ஒரு குழு பேச்சுகளையும் கவிதைகளையும் கேசட்டில் பதிந்து கைக்குக் கை அனுப்பியது. அவர்கள்தான் பின்னால் 'புஷ் ரேடியோ' ஆனார்கள். லைசென்ஸ் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1993 மே தினத்தன்று லைசென்ஸ் இல்லாமலே ஒலிபரப்பினார்கள். சில மணி நேரத்தில் போலீஸ் வந்து கருவிகளை அள்ளிக்கொண்டு போனது. இரண்டு பேர் மீது போட்ட வழக்கு பிறகு கைவிடப்பட்டது. 1995 ஆகஸ்டில் அதே புஷ் ரேடியோ சட்டப்படி ஒலிக்கத் தொடங்கியது. இன்று தென்னாப்பிரிக்கச் சமுதாய வானொலிகள் செய்தியும் சொல்லலாம், அரசைத் திட்டியும் பேசலாம்.

அந்தக் கேசட்டுக்கு நம் நாட்டில் ஓர் அக்கா தங்கை உறவு உண்டு. அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில், இப்போது தெலங்கானாவில் இருக்கும் சகீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்று ஓர் ஊர். டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் சங்கங்களில் இருந்த தலித் பெண்கள், மேட்டு நிலத்தில் சிறுதானியம் விதைக்கிறவர்கள், 1990களிலேயே எங்களுக்கு ஒரு ரேடியோ வேண்டும் என்றார்கள். யுனெஸ்கோ உதவியில் 1998இல் நிலையம் தயாராகிவிட்டது. ஒலிபரப்பத்தான் அனுமதி இல்லை. பத்து வருடம் அந்தப் பெண்கள் நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிந்து, ஊர் ஊராகச் சங்கக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள். கேப்டவுனில் யாரோ செய்ததைப் பார்த்துச் செய்யவில்லை. வாயைக் கட்டினால் மனிதர்கள் எங்கேயும் இதைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

கதவு திறந்தது ஒரு கிரிக்கெட் வழக்கில் என்பது நம் நாட்டுக்கே உரிய வேடிக்கை. கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்ற சண்டையில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து, அரசின் தனிச் சொத்தல்ல என்று தீர்ப்பளித்தது. நீதிபதி பி.பி. சாவந்த் அந்த அமர்வில் இருந்தார். அரசு ஏழு வருடம் யோசித்து, 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. 2004 பிப்ரவரி 1ஆம் தேதி சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் முதல் வளாகச் சமுதாய வானொலியாக வந்தது. தொண்டு நிறுவனங்களும் மக்கள் அமைப்புகளும் நடத்தலாம் என்ற கொள்கை 2006 நவம்பரில்தான். 2008 அக்டோபர் 15ஆம் தேதி பஸ்தாபூரின் சங்கம் ரேடியோ 90.4இல் ஒலித்தது. தொடங்கிவைத்தவர் அதே சாவந்த். மைக் முன்னால் உட்கார்ந்த இரண்டு பெண்களுக்கும் பெயர் நர்சம்மா.

இதுவரை நல்ல கதை. நிபந்தனைப் பட்டியலுக்கு வருவோம். நூறு வாட் அளவுக்கு டிரான்ஸ்மிட்டர். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும். இவையெல்லாம் சரி. அடுத்தது, செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை ஒரு சொல் மாற்றாமல் மறுஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, மின்தடை, குடிநீர் அறிவிப்பு போன்றவை 'செய்தி அல்ல' என்று விலக்கு உண்டு. அதாவது மஞ்சக்குட்டையில் ஒரு சமுதாய வானொலி இருந்தால், நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கிராம சபை என்று அறிவிக்கலாம். அங்கே எழுந்த கேள்வி என்ன, தலைவர் என்ன பதில் சொன்னார், தீர்மானப் புத்தகத்தில் ஏன் ஏறவில்லை என்று மறுநாள் பேசினால் லைசென்ஸுக்கு ஆபத்து.

'ஆப்பிரிக்கா டுடே' மாதிரி ஒரு நிகழ்ச்சியை இந்தியச் சமுதாய வானொலி எதுவும் நடத்த முடியாது. ஆப்பிரிக்க நடப்பும் நடப்புதான், புலம்பெயர்ந்தோர் விவகாரமும் விவகாரம்தான். தனியார் எஃப்எம்களுக்கும் இதே தடை என்று பதில் சொல்வார்கள். அவர்களுக்குச் சினிமாப் பாட்டுப் போதும், அதில்தான் அவர்களுக்கு லாபம். பேசுவதற்காகவே வானொலி கேட்டவர்களுக்கும் பாட்டு விற்பவர்களுக்கும் ஒரே பூட்டுப் போடுவதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது. காமன் காஸ் அமைப்பு 2013இல் இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. அரசுத் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் பாதுகாப்பு. யார் என்ன பேசுகிறார்கள் என்று இத்தனை நிலையங்களையும் கண்காணிக்க முடியாதாம்.

வானொலிப் பேச்சு உயிரைக் குடிக்கும் என்பதற்கு ருவாண்டாவைக் காட்டுவார்கள். உண்மைதான். 1994இல் ஆர்டிஎல்எம் என்ற நிலையம் டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று நாள்தோறும் சொல்லிக் கொலைக்குத் தூண்டியது. ஆனால் அது ஏழைகள் கூடி நடத்திய சமுதாய வானொலியா? ஆட்சியாளர்களுக்கு நெருங்கியவர்களின் தனியார் நிலையம். அதைத் தொடங்கியவர்களை 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. வெறுப்புப் பேச்சுக்குத் தண்டனை கொடுக்கத் தனிச் சட்டம் போதும், பேச்சையே தடுக்க வேண்டியதில்லை. நம் மாவட்டங்களில் சாதிப் பெருமை பேசி, காதலித்தவர்களை வெட்டச் சொல்லி வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் சுற்றும் வீடியோக்களுக்கு எந்த லைசென்ஸும் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் சமுதாய வானொலிகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவை கல்லூரி வளாகத்துக்குள் இருக்கின்றன. பாம்பனில் மீனவர்களுக்காக 2016இல் தொடங்கிய கடல் ஓசை ஓர் அருமையான விதிவிலக்கு. காற்று எப்படி, கடலுக்குப் போகலாமா என்பது அந்த மக்களுக்கு உயிர் பிரச்சினை. அதைச் சொல்ல விதியும் இடம் தருகிறது. எல்லை தாண்டியதாகப் பிடித்துப்போன படகைப் பற்றிப் பேசினால்தான் அது 'நடப்பு விவகாரம்' ஆகிவிடும்.

எங்கள் மலைக்கு வருவோம். கீழே சேலத்திலிருந்து வரும் எஃப்எம், மலை மடிப்புகளில் ஒரு வளைவில் கேட்கும், அடுத்த வளைவில் கேட்காது. மேட்டில் வைக்கும் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் பல ஊர்களுக்குப் போதும். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும், எஸ்டேட்டில் குடியிருக்கும் பட்டியல் சாதிக் குடும்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒருவர் பிரச்சினை மற்றவருக்குத் தெரியாது. ஒரு தரப்புக்குச் சாதிச் சான்றிதழும் 2006 வன உரிமைச் சட்டப் பட்டாவும். இன்னொரு தரப்புக்குக் கூலியும், தலைமுறையாக இருந்தும் சொந்தமில்லாத லைன் வீடும். இந்த மலையில் ஒரு காலத்தில் பாக்சைட் வெட்டினார்கள். அந்தக் குழிகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை இதுவரை யாரும் பதிந்து வைக்கவில்லை. சமுதாய வானொலி பற்றி ஓர் அலுவலகத்தில் விசாரித்தோம். மிளகு நோய், கர்ப்பிணிகளுக்குச் சத்துணவு, நாட்டுப்புறப் பாட்டு என்று திட்டம் எழுதுங்கள், சுலபமாகப் போகும் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். கூலியைப் பற்றி எழுதலாமா என்றதற்கு, அதை எதற்கு எழுதுகிறீர்கள், பாட்டாகப் பாடிவிடுங்கள் என்றார் ஒருவர். அவர் விளையாட்டாகச் சொன்னதில் விதியின் முழுச் சாரமும் இருக்கிறது.

ஆகவே இப்போதைக்கு எங்களுக்கு ஸ்பீக்கர்தான். பஸ்தாபூர் பெண்களின் கேசட்டுக்கு இணையாக, கூட்டத்தில் நடக்கும் பேச்சைச் செல்போனில் பதிந்து அடுத்த லைனில் போட்டுக் காட்டத் தொடங்கியிருக்கிறோம். மிளகு பறிக்கும் ஒரு தம்பிதான் பதிவு செய்கிறான். பேசுகிறவர் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறான், ஏனென்றால் வேலை போய்விடும் என்ற பயம் நிஜம். ஒரு லைனில் பேசிய குரலுக்கு இன்னொரு லைனில் பதில் பதிந்து அனுப்புகிறார்கள். கேப்டவுன் கேசட் கதையைச் சொன்னபோது, போலீஸ் அள்ளிக்கொண்டு போன கருவிகளைத் திருப்பிக் கொடுத்தார்களா என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தாத்தா இரட்டைமலை சீனிவாசனின் நேட்டால் வருடங்களைப் பற்றிப் பேச இருக்கிறோம். சேலம் பக்கத்துக் குடும்பங்களில் நேட்டாலுக்கோ, இலங்கைக்கோ, மலேயாவுக்கோ போனவர்களின் கடிதம், கப்பல் சீட்டு, போட்டோ எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். எழுத்து இல்லாதவர்கள் வீட்டில் கேட்ட கதையைக் கொண்டுவந்தாலும் போதும். பதிந்துகொள்கிறோம். மாலை ஐந்து மணிக்குமேல் பஸ் குறைவு, ராத்திரி தங்கவும் ஏற்பாடு உண்டு.